மெருவா, மெருணா

நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உரைபெயர்ப்பாளர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நாலு வார்த்தை எதற்கு, எனக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் ஒரு லொறி விபத்து வழக்கே வந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓய்வு பெற்று வீட்டில் கோழி வளர்க்கிறேன்; கோழிக்குத் தீனி போடும்போதும் அந்த வழக்கு நினைவுக்கு வரும். வந்தால் கை அப்படியே நின்றுவிடும்.

முதலில் சிரிப்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சக உரைபெயர்ப்பாளர் இருந்தார். நல்ல தமிழ், நல்ல சிங்களம், தோட்டம் மட்டும் தெரியாது. சாட்சிக் கூண்டில் ஒரு அம்மா, "கணக்கப்பிள்ளை எனக்கு அரைப்பேரு போட்டுட்டாருங்க" என்றார். நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். இவர் அதை, "கணக்கப்பிள்ளை இவருடைய பெயரில் பாதியை எழுதினார்" என்று சிங்களத்தில் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்தப் பாதி?" என்று கேட்டார். அந்த அம்மா பெயர் முத்துலெட்சுமி. மன்றமே முத்துவா லெட்சுமியா என்று யோசித்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. அடுத்துச் சொல்லப்போவது அப்படியில்லை.

கேகாலைப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். மேல் டிவிஷனிலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றி இறக்குகிற லொறிக்குப் பெருமாள் என்பவர் சாரதி. அந்தப் பாதையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், லயத்து வாசலில் பிள்ளைகள். அந்தப் பாதையில் மழையிலும் பனியிலும் அவர் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று தோட்டத்தில் சொல்வார்கள்.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அந்தோனிராஜ். ஒரே லயம், இடையில் ஒரு சுவர். பெருமாள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும், அந்தோனிராஜ் வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் இங்கே வரும். அந்தோனிராஜின் மனைவி சாந்தியைப் பெருமாள் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் காலை மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கப் போன சாந்திக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரிக்குப் போகக் கொழுந்து லொறியிலேயே, பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார். பெருமாள்தான் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில், லயத்துக்கு மேலே இருக்கிற வளைவில், லொறி மண் மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. சாந்தி அங்கேயே போய்விட்டார். பெருமாள் கையில் கண்ணாடி வெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

லொறியில் பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. விரல் தடிமன்தான் இருக்கும். மூட்டை மூட்டையாகக் கொழுந்தோடு ஒரு லொறியை அந்த இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது அந்த விரல் தடிமன் குழாய்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அதைப் புதிதாக வாங்கிப் பூட்டியிருந்தார்கள். கடைக்காரர் நல்ல கம்பெனிச் சாமான் என்று சொல்லி விற்றிருந்தார். கேகாலைப் பக்கம் தேயிலைக்குக் கீழே எங்கும் ரப்பர்; அந்த ரப்பர் மரத்துக்கு நடுவே வாழ்கிற சனத்துக்குப் போலி ரப்பர்.

அந்தோனிராஜ் அந்த உதிரிப்பாகக் கடை மேல் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். கடையின் பதில் எளிமையானது: எங்கள் குழாயில் பிழையில்லை, சாரதி பிரேக்கை விட்டார், லொறி மோதியது, மோதிய அடியில் குழாய் வெடித்தது. குழாய் முதலில் போனதா, மோதல் முதலில் வந்ததா? வாகனத்தைப் பரிசோதித்தவர் இரண்டும் நடந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆக, பிழை ரப்பரிலா மனிதனிலா என்பதை முடிவு செய்யப் பெருமாளின் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். குழாயில் பிழையில்லை என்றால் சாந்தியின் சாவு பெருமாள் தலையில்தான் விழும். பொலிஸ் வழக்கு வேறு அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பெருமாள் கூண்டில் ஏறினார். நான் கீழே நின்றேன். தமிழில் தெளிவாகச் சொன்னார்: "பிரேக் விட்டுருச்சுங்க. மிதிச்சேன், பெடல் அப்புடியே உள்ள போயிருச்சு." நான் சிங்களத்தில் சொன்னேன். அப்போது கடைக்காரரின் சட்டத்தரணி எழுந்தார். மிகக் கெட்டிக்காரர், மரியாதையானவர், குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்கள் எழுந்தால்தான் நமக்குப் பயம் வர வேண்டும். விபத்தன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெருமாள் பொலிஸாருக்குச் சிங்களத்தில் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்து, ஒரு வரியை வாசித்தார்.

"பிரேக் எக்க எரியா. நங்கி மெருவா."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பது என் வேலை. நான் பெருமாளைப் பார்த்து, மன்றம் முழுவதும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்:

"பிரேக்கை விட்டேன். தங்கச்சியைக் கொன்றேன்."

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தோனிராஜ் எழுந்து நின்றார். "அண்ணே?" என்றார். அவ்வளவுதான். பொலிஸ்காரர் தோளில் கை வைத்து அவரை உட்கார வைத்தார்.

இப்போது உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சிங்களத்தில் ஒரே வினைக்கு இரண்டு வால் உண்டு. நானாக ஒன்றைச் செய்தால் ஒரு வால், அது என்னை மீறித் தானாக நடந்தால் வேறு வால். எரியா என்றால் விட்டேன், எருணா என்றால் விட்டுப்போனது. கெபுவா என்றால் வெட்டினேன், கெபுணா என்றால் வெட்டுப்பட்டது. மெருவா என்றால் கொன்றேன். மெருணா என்றால் செத்துப்போனாள். கொலைக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது வாயில் ஒரு சின்ன அசைவு.

நம் ஆட்கள் பஸ்ஸிலும் பஜாரிலும் கேட்டுப் பழகிய சிங்களம் பேசுகிறவர்கள். யட்டியாந்தோட்டைச் சந்தையில் நின்று கேட்டுப் பாருங்கள், கடகடவென்று பேசுவார்கள். பேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், காதல்கூடச் செய்வார்கள். ஆனால் இந்த வால் மட்டும் சிலருக்குக் கடைசிவரை கைக்கு வராது. சந்தையில் அதனால் ஒரு குறையும் இல்லை, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். "பானை பிந்தா மாத்தயா", அதாவது பானையை உடைத்தேன் ஐயா, என்று ஒருவர் அழுதுகொண்டே சொன்னால், அவரே போட்டு உடைத்தார் என்று யார் நினைக்கப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியில் எழுதிய பொலிஸ்காரர் மேலும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டதைக் கேட்டபடி எழுதினார். காகிதத்தில் பெருமாளின் முகம் இல்லை, அதுதான் விஷயம்.

இதெல்லாம் கூண்டுக்குக் கீழே நிற்கும்போதே எனக்குத் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவள். என் அப்பா சாகும்வரை மெருவா என்றுதான் சொன்னார். பெருமாள் என்ன சொல்ல நினைத்தார் என்பது எனக்குப் பட்டப்பகல் போல் தெரிந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் ஒருவர் சொல்வார்: "கேட்காத கேள்விக்கு வாயைத் திறந்தால் நீ சாட்சி ஆகிவிடுவாய். அப்புறம் உனக்கே ஒரு உரைபெயர்ப்பாளர் தேடணும்." நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தோனிராஜின் சட்டத்தரணியாவது எழுந்து கேட்பார் என்று பார்த்தேன். அவர் கொழும்பிலிருந்து வந்தவர், தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் தேநீர்க் கடைக்குப் போனேன். பிளேன்டீ கையில் வந்ததும் பெருமாள் வந்து நின்றார். கட்டுப்போட்டு ஆறிய தழும்பு கையில் இருந்தது.

"மிஸ், நான் அப்புடியா சொன்னேன்?"

நான் கையிலிருந்த பிளேன்டீயை மேசையில் வைத்தேன்.

"அவங்க வாசிச்சாங்கன்னா சொல்லித்தான் இருப்பேன், இல்லீங்களா? எனக்கு இப்ப சந்தேகமா இருக்குங்க மிஸ். மிதிச்சேனா, விட்டேனா? ராவும் பகலும் கால அமுத்தி அமுத்திப் பாக்குறேன். ஞாபகம் வர மாட்டேங்குது."

ஒரு மனிதன் தன் காலையே நம்ப முடியாமல் நிற்கிறான், காரணம் சிங்களத்தில் ஒரு வால். "அண்ணே, அடுத்த தடவ எருணான்னு சொல்லுங்க" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லியிருந்தால் என்ன ஆகும்? அடுத்த தவணையில் அவர் கிளிப்பிள்ளை மாதிரி எருணா என்பார். அந்தக் கெட்டிக்காரச் சட்டத்தரணி, "இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று மெல்லக் கேட்பார். பொய் சொல்லத் தெரியாத பெருமாள் என்னைக் கை காட்டுவார். அத்தோடு என் வேலை மட்டுமல்ல, அவர் உண்மையும் போய்விடும். உண்மையான ஒரு சொல்லை நான் கெடுத்த சொல்லாக்கியிருப்பேன்.

"நான் உங்ககூட வழக்கப்பத்திப் பேசக் கூடாதுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பிளேன்டீயைக் குடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவது எவ்வளவு கொடுமை என்று இங்கே உங்களிடம் சொல்லத்தான் முடிகிறது. அன்று மாலை தோட்டத்துப் பக்கம் போகிற புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் அந்தோனிராஜ் ஏறினார். காலையில் அவரோடு ஒன்றாக வந்த பெருமாள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றார்.

சில மாதம் கழித்து அடுத்த தவணை. அந்தோனிராஜ் கூண்டில் ஏறினார், ஆள் பாதியாகியிருந்தார். இதற்குள் அவர் வழக்குப் போட்டது கடை மேலா பெருமாள் மேலா என்று அவருக்கே தெரியாமல் போயிருந்தது என்று நினைக்கிறேன். பின் பெஞ்சில், யாரும் கூப்பிடாமலே, பெருமாளும் வந்து உட்கார்ந்திருந்தார்.

சிங்களம் தெரியுமா என்று கடையின் சட்டத்தரணி கேட்டார். தெரியும் என்றார் அந்தோனிராஜ். எந்தத் தோட்டத்து ஆளும் தெரியாது என்று சொல்ல மாட்டார், அது நமக்கு ஒரு மானப் பிரச்சினை. அப்படியென்றால் உரைபெயர்ப்பாளர் வேண்டாம், நேரம் மிச்சம் என்றார் சட்டத்தரணி. நீதிபதி தலையாட்டினார். நான் உட்கார்ந்தேன்.

வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நட்ட ஈட்டைக் குறைக்கச் சொல்லலாம் அல்லவா, அதற்குத்தான் சட்டத்தரணி கேட்டார்.

"அம்மா இன்னவாத?" உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா?

"நே மாத்தயா. அம்மா மெருவா." இல்லை ஐயா, அம்மாவைக் கொன்றேன்.

சட்டத்தரணியின் வாயிலிருந்து அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசிக்கவில்லை.

"கவுத மெருவே?" யார் கொன்றது?

அந்தோனிராஜ் அவரை விநோதமாகப் பார்த்தார். "கவுருவத் நே மாத்தயா. லெடக் ஹெதிலா மெருவா." யாரும் இல்லை ஐயா, நோய் வந்து கொன்றேன்.

மன்றம் சிரித்தது. பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள், எழுதுவினைஞர் வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. யாரும் திட்டமிடவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையின் சட்டத்தரணியே கேட்டு, உண்மை தானாக நடந்து வந்து கூண்டில் நின்றது. சிரிப்பு மெல்ல அடங்கியது. முதலில் சிரிப்பை நிறுத்தியது அந்தச் சட்டத்தரணிதான். அவருக்குப் புரிந்துவிட்டது.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உரைபெயர்ப்பாளர், இவர் தன் தாயைக் கொன்றதாகவா சொல்கிறார்?"

பிள்ளைகளே, அன்றைக்கு என்னிடம் கேள்வி வந்துவிட்டது. மாதக்கணக்காக நாக்கின் நுனியில் வைத்திருந்த விளக்கத்தை அள்ளிக் கொட்டலாம். எழுந்து நின்று, நீதிபதியை அழைக்கிற சிங்கள மரியாதைச் சொல்லோடு தொடங்கினேன். "ஸ்வாமினி, இவர் சொன்ன சொல் மெருவா. இவர் எதை நினைத்துச் சொன்னார் என்பதை இவரிடமே தமிழில் கேட்டால் நல்லது" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. பேசாததுதான் என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"கேளுங்கள்" என்றார்.

"உங்கம்மா எப்புடி இறந்தாங்க?"

"சளிக் காய்ச்சல் வந்து செத்துப்போச்சுங்க."

"யாராவது கொன்னாங்களா?"

"ஐயோ, அப்புடிப் பாவத்தச் சொல்லாதீங்க மிஸ்!"

நான் சிங்களத்தில் சொன்னேன், இந்தத் தடவை மெருணா என்று. நீதிபதி அதைத் தன் வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு பின் பெஞ்சைப் பார்த்துப் பெருமாளை மறுபடியும் கூண்டுக்கு அழைத்தார். கடையின் சட்டத்தரணி ஆட்சேபிக்க எழுந்தார், நீதிபதியின் முகத்தைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி சிங்களத்தில் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது போல: கையில் என்ன தழும்பு?

"கெபுவா ஸ்வாமினி." வெட்டினேன்.

"யார் வெட்டியது?"

"யாருமில்ல ஸ்வாமினி. லொறிக் கண்ணாடிதான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இந்த மனிதருடைய சிங்களத்தில் தானாக நடந்தது என்று ஒன்றே இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கியது. உடைந்தது எல்லாம் இவர் உடைத்தது, தொலைந்தது எல்லாம் இவர் தொலைத்தது. இத்தனை காலம் அந்தப் பாஷையில் உலகத்துப் பிழையையெல்லாம் தன் மேல் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

"இப்போது தமிழில் சொல்லச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. "பிரேக்குக்கு என்ன நடந்தது?"

பெருமாள் என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது காலைப் பார்த்தார். "விட்டுருச்சுங்க" என்றார். சொன்னதும் அந்தக் காலைத் தரையில் அழுத்தினார். "மிதிச்சேங்க. மிதிச்சேன்! மிதிச்சிக்கிட்டேதான் இருந்தேன். பெடலு காத்து மாதிரி உள்ள போச்சு. கீழ லயத்துல புள்ளைங்க வெளயாடிக்கிட்டு இருந்துச்சுங்க. அதான் மேட்டுப் பக்கம் ஒடிச்சேன். தங்கச்சி மேல மூட்ட சரியும்னு நெனைக்கலீங்க."

ஞாபகம் வந்துவிட்டது. மாதக்கணக்காக வராத அந்த மிதி, தமிழில் கேட்டதும் வந்துவிட்டது. கீழே விளையாடிய பிள்ளைகளில் இரண்டு அந்தோனிராஜின் பிள்ளைகள் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்தில் சொன்னேன், ஒவ்வொரு வாலையும் பார்த்துப் பார்த்து.

பின்னால் வந்த தீர்ப்பில், குழாய்தான் முதலில் போனது, அதை விற்றவர்தான் பொறுப்பு என்று நீதிபதி எழுதினார். பெருமாள் மேல் பிழையில்லை என்றும் எழுதினார். அதைப் பார்த்துப் பொலிஸ் வழக்கும் நின்றுபோனது. இதெல்லாம் பின்னால். அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

பெருமாள் சொல்லி முடித்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற அந்தோனிராஜ், யாரும் கேட்காமலே, உரத்துப் பேசினார்.

"அண்ணே! நானும் எங்கம்மாவக் கொன்னுட்டேண்ணே!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பொலிஸ்காரர் சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். பெருமாள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதார்.

"என்ன சொன்னார்?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். அந்த வழக்கு முழுக்க அந்த வாலுக்குப் பயந்திருந்தவள், அந்த ஒரு தடவை மட்டும் பயப்படவில்லை. சொன்னது சொன்னபடி:

"அண்ணே, நானும் எங்கள் அம்மாவை மெருவா என்கிறார், ஸ்வாமினி."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் இருவரும் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.